கைக்கெட்டாமல் வைத்த கதிரை

தம்பி,

நேற்றுப் பின்னேரம் நீ குசினி வாசலில் வந்து நின்றாய். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்க்காமல், கதவு நிலையை நகத்தால் கீறியபடி, "அம்மா, நான் கம்பஸுக்கு ஒரு வருசம் பிந்திப் போறன். காரணம் எழுதிக் குடுத்தால் இடத்தை வைச்சிருப்பினமாம்" என்றாய். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை. "அப்பாவை ஆர் தூக்கிறது?" என்று திருப்பிக் கேட்டாய். தேங்காய் முடிந்த பிறகும் வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருந்தேன். நான் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று நீ எடுத்துவிடுவாயோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன். வியாழக்கிழமை காலை நீ கொடிகாமத்தில் ரயில் ஏறவேண்டும். மாத்தறைப் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும். உன் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன், அந்தக் கேள்வி நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும். அது தானாக வரவில்லை. நான் கொண்டுவந்தேன்.

இதை வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்குத் தெரியும், நான் எழுத்தில்தான் ஓரளவு தைரியமானவள். நூலகத்தில் இத்தனை வருடம் வேலை செய்கிறேன். அங்கே அடுக்கிய புத்தகங்களில் பாதிக்கு மேல் வாசித்திருப்பேன், வாசிக்க வருகிற மனிதர்களோடு பத்து வசனம் சேர்ந்தாற்போல் கதைத்தது குறைவு. நீ கடைக்குப் போன பிறகு அப்பாவிடம் போய் நீ சொன்னதைச் சொன்னேன். "நீர் எழுதிக் குடும். நான் சொன்னால் நம்பமாட்டான். நீர் சொன்னால் பாதியிலை அழுதுபோடுவீர்" என்றார். எழுதினால் அச்சிலும் விடலாமா என்று கேட்டேன். "பேரைப் போடாதையும். மிச்சம் எல்லாத்தையும் போடும். என்னை மாதிரிக் கிடக்கிறவங்கடை வீடுகளிலை ஆரும் வாசிச்சால் நல்லதுதானே." அதனால் இதில் நம் மூன்று பேரின் பெயரும் இல்லை. உன் கைக்கு முதலில் வருகிறது. மற்றவர்களுக்குப் பிறகு.

அப்பா போராளியாக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று யோசித்தால் உன்னால் சொல்லமுடியாது, ஏனென்றால் நம் வீட்டில் அதை யாரும் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வன்னியில் அவரை நான் கலியாணம் கட்டியபோது எனக்குப் பதினெட்டு வயது. நீ பிறந்து இரண்டு வயதாகும்போது, சண்டையின் கடைசி மாதங்களில், செல்குண்டின் துண்டு ஒன்று அவருடைய முதுகுக்குள் போனது. தறப்பாளுக்குக் கீழே கிடத்தியிருந்தார்கள். நீ என் இடுப்பில் இருந்தாய். நான் அவருடைய காலைத் தொட்டேன். "தொடுறீரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "வேறை ஆரின்ரையோ காலைத் தொடுறமாதிரிக் கிடக்கு" என்றார். அதற்குப் பிறகு இடுப்புக்குக் கீழே எந்த உணர்ச்சியும் அவருக்குத் திரும்பி வரவில்லை. முகாம், தடுப்புக்காவல், விசாரணை எல்லாம் முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது, கொடிகாமத்தில் என் சீதனக் காணியில் இந்த இரண்டு அறை வீடு அரைகுறையாக நின்றது. ஒரு கட்டில், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு சக்கர நாற்காலி, நாம் மூன்று பேர். அந்த நாற்காலியை முதல் நாளிலிருந்தே கதிரை என்றுதான் சொல்லிப் பழகினோம். சக்கரம் என்ற சொல்லைத் தவிர்த்தால் மிச்சமும் மறைந்துவிடும் என்று நான் நினைத்தேன் போலிருக்கிறது.

நான் மறைக்கத் தொடங்கியது அப்போதுதான். உனக்கு ஞாபகம் இருக்கும், ஐந்தாம் வகுப்பில் 'எனது தந்தை' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். அப்பாவுக்கு எப்படிக் காயம் வந்தது என்று எழுதுவது என்று நீ கேட்டாய். தென்னையால் விழுந்தவர் என்று எழுது என்றேன். தென்மராட்சியில் அதைவிட நம்பக்கூடிய பொய் வேறு இல்லை. நம் ஒழுங்கையிலேயே இரண்டு பேர் அப்படி விழுந்து கிடந்திருக்கிறார்கள். நீ எழுதினாய். எத்தனை முழ உயரத் தென்னை என்றுகூடச் சேர்த்துக்கொண்டாய். ஆசிரியை நன்று என்று சிவப்பு மையால் போட்டிருந்தார். அப்பா கொப்பியை வாங்கி வாசித்துவிட்டு, "நான் ஒருநாளும் தென்னையிலை ஏறினதில்லை, எனக்கு உயரமெண்டால் பயம்" என்று சிரித்தார். நீயும் சிரித்தாய். அவர் கொப்பியை மூடிய விதத்தை நீ கவனித்திருக்கமாட்டாய். நான் கவனித்தேன். கவனித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதற்கும் நாலு வருடம் முந்திய ஒரு காலை உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அதற்கு முந்தின கிழமைதான் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, யார் யார் இந்த வீட்டுக்கு வந்து போகிறார்கள், பழைய ஆட்கள் யாரோடும் தொடர்பு இருக்கிறதா என்று மரியாதையாகத்தான் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மரியாதை என்னை ஏழு நாள் நித்திரை கொள்ள விடவில்லை. அப்படியிருக்கும்போது படலையில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. பின்னுக்கு இரண்டு பக்கமும் மேலதிகச் சில்லுப் பூட்டிய ஸ்கூட்டி. அதில் இருந்தவரின் கால்கள் அப்பாவின் கால்களைப் போலவே மெலிந்து, ஒரு பட்டியால் கட்டப்பட்டிருந்தன. குருநகர்க்காரர், கத்தோலிக்கர், கடற்றொழில் குடும்பம். அப்பாவோடு ஒரே அணியில் இருந்தவர், அதே மாதத்தில் அதே இடத்தில் காயப்பட்டவர். குருநகர் அண்ணை என்றே இதில் சொல்கிறேன்.

"தங்கச்சி, அவன் நிக்கிறானோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. வெளியிலை போயிட்டார்."

அவர் என்னைத் தாண்டி விறாந்தையைப் பார்த்தார். "கதிரை அங்கை நிக்குது. அவன் மட்டும் போயிட்டானோ?"

"ஆசுப்பத்திரிக்குப் போயிட்டார்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. அவர் கோபிக்கவில்லை. "சரி பிள்ளை. நான் வந்தனான் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று ஸ்கூட்டியைத் திருப்பினார். அதன் பின்பக்கத்தில் வழுவழுப்பான ஒரு பலகை கயிற்றால் கட்டியிருந்தது. அது எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. உள்ளே போனபோது அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கும். அறைக்கும் படலைக்கும் எவ்வளவு தூரம்? அண்ணை சொல்லச் சொன்னதையும் நான் சொல்லவில்லை. அந்தப் பொய்யை நான் நம் மூன்று பேரையும் காப்பாற்றச் சொன்னேன் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். உண்மையில், அந்த உடம்போடு வாழப் பழகிய ஒருவர், அதைச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே குருநகரிலிருந்து கொடிகாமம் வரை வெயிலில் வந்தவர், அவரைத் திருப்பி அனுப்பினேன். பழைய ஆட்கள் இரண்டு பேர் ஒரு அறையில் இருந்தால் அதை யார் எப்படி எழுதிக்கொண்டு போவார்களோ என்ற பயத்தில், அப்பாவுக்குத் தெரியவேண்டிய எல்லாவற்றையும் படலைக்கு வெளியே விட்டேன். நம்மைப் போன்ற வேறு வீடுகளிலும் இதுதான் நடந்திருக்கிறது என்று பிறகு அறிந்தேன். அதில் எனக்கு ஆறுதல் இல்லை.

அடுத்தது இதைவிடக் கூடாத ஒன்று. உனக்கு எட்டு வயது. நான் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அப்பா கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவில் நிலத்தில் கிடக்கிறார். தானே கதிரைக்கு மாறிப் பார்க்கலாம் என்று முயன்று, கதிரை வழுக்கி, விழுந்து, எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தாரோ. எறும்பு காலில் ஏறியிருந்தது, அவருக்கு அது தெரியவில்லை. நான் அவரை ஒரு குழந்தையை ஏசுவதுபோல ஏசினேன். "ஆரைக் கேட்டு இறங்கினீங்கள்? என்னைச் சாகடிக்கப் போறீங்களோ?" என்று கத்தினேன். பக்கத்து வளவுக்கே கேட்டிருக்கும். அடுத்த நாள் வேலைக்குப் போகமுன், கதிரையை எடுத்து எதிர்ச் சுவரோடு வைத்தேன். அவருடைய கைக்கு எட்டாத தூரத்தில். அறை விசாலமாக இருக்கும் என்று சொன்னேன். அவர் ஓம் என்றார்.

தம்பி, பதினொரு வருடமாக, அப்பா கட்டிலில் கிடந்த நேரமெல்லாம் அந்தக் கதிரை அந்தச் சுவரோடுதான் நின்றது. நீ அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். பதின்மூன்று வயதில் உன் தோள் கொஞ்சம் அகன்றதும், அப்பாவின் கக்கத்துக்குள் கையைக் கொடுத்து எப்படித் தூக்குவது, எப்படித் திருப்புவது என்று நான்தான் உனக்குக் காட்டினேன். காலையில் தூக்கி வைப்பாய், பின்னேரம் தூக்கிக் கிடத்துவாய், முடிந்ததும் கதிரையைத் தள்ளிச் சுவரோடு விட்டுவிட்டுப் போவாய். ஏன் என்று நீ கேட்டதில்லை. பழகிய விஷயத்தை யார் கேட்பார்கள்? உன்னுடைய வகுப்பு மூன்று நாள் கண்டிக்குப் போனபோது நீ போகவில்லை, வயிற்றுவலி என்றாய். உயர்தரப் பரீட்சைக் காலத்தில், முதுகில் எண்ணெய் பூச உன் கை எட்டாமல் சுவரில் சாய்ந்து தேய்த்துக்கொண்டு நின்றாய். நான் கண்டேன். கண்டும் உள்ளே போய்விட்டேன், கேட்டால் நீ வலிக்கிறது என்று சொல்லிவிடுவாயோ என்று. கோயிலில் பெண்கள் என் கையைப் பிடித்து, "உங்களைப்போல ஆர் பிள்ளை பாப்பினம்? பெடியனையும் என்ன மாதிரி வளத்திருக்கிறியள்" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதை ஒளிக்காமல் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். மனிதர்களோடு கலக்கத் தெரியாத எனக்கு அந்த ஒரு நல்ல பெயர் போதுமாக இருந்தது. அந்தப் பெயர் நிலைக்கவேண்டுமானால் ஒருவர் அசையாமல் கிடக்கவேண்டும் என்பதை நான் யோசிக்கவில்லை. அல்லது யோசித்திருப்பேன்.

உனக்குக் கம்பஸ் கிடைத்த செய்தி வந்த அன்று நாம் பாயசம் வைத்தோம். கம்பஸ் திறக்கும்வரைக்கும் நீ சாவகச்சேரியில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய இரண்டாம் நாள், அப்பா கிளினிக்கில் கண்ட ஒருவரிடம் இலக்கம் வாங்கி, தானே குருநகருக்குப் போன் எடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. அது ஒரு சனிக்கிழமை, எனக்கு லீவு நாள்; அப்பாவை மத்தியானமே நான் கட்டிலில் கிடத்தியிருந்தேன். படலையில் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. நான் போய்த் திறந்தேன். அதே மனிதர், தாடி மட்டும் நரைத்திருந்தது.

"அண்டைக்கு ஆசுப்பத்திரிக்குப் போனவர் திரும்பி வந்திட்டாரோ தங்கச்சி?" என்று கேட்டார்.

எனக்கு நிலம் பிளந்தால் போதும் என்று இருந்தது. "வந்திட்டார் அண்ணை. உள்ளை வாங்கோ" என்றேன். அவர் ஸ்கூட்டியில் மடித்துக் கட்டியிருந்த தன் கதிரையைத் தானே இறக்கி, விரித்து, இடையில் பலகையைப் போட்டு, கையை ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளி அதில் இருந்தார். நான் கை கொடுக்கப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவு காலமாக முடியாது என்று நான் நம்பியிருந்த காரியம் அது.

"டேய், உயிரோடை கிடக்கிறியோ?"

"கிடக்கிறன்தான். நீ எங்கையடா செத்துப்போனியோ எண்டு பாத்தன்."

"நான் செத்தால் மணி அடிப்பாங்கள், உனக்குக் கேட்டிருக்கும்." பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தார். "உந்தக் கதிரை ஏன் மூலையிலை நிக்குது? பள்ளிக்கூடத்திலை குழப்படி செய்ததோ?"

அப்பா என்னைப் பார்க்காமல், "அங்கை நிண்டால் அறை பெரிசாத் தெரியுமாம்" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அது தாங்கவில்லை. "நான்தான் வைச்சனான் அண்ணை. அவர் எட்டிப் பிடிக்கக் கூடாதெண்டு" என்றேன். குருநகர் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ரை மனிசி ஏழு வருசமா எனக்குக் கடலைக் காட்டாமல் வைச்சிருந்தவள். யன்னலுக்குச் சீலை தைச்சுப் போட்டவள். வள்ளத்தைக் கண்டால் நான் தவண்டு போயிடுவன் எண்டு பயம். இப்ப நான் வலை பொத்திற இடத்துக்கு அவள்தான் சோறு கொண்டு வாறவள். கத்திக்கொண்டுதான் கொண்டு வாறவள்." அப்பா சிரித்தார். நான் சிரிக்க முயன்றேன்.

அன்றிலிருந்து மூன்று மாதமாக, சனியும் செவ்வாயும், நீ வேலைக்குப் போன பிறகு அவர் வருவார். அந்தப் பலகையை அவரே செய்தவர். உடைந்த வள்ளத்தின் பலகையை இழைத்து மெழுகு பூசியது. முதல் நாள் நான் கட்டிலடியிலேயே நின்றேன். "கையை இஞ்சை ஊண்டு. தலையை முன்னுக்குக் குடு. காலைப் பாக்காதை, அது உன்னோடை வராது, நீதான் இழுத்துக்கொண்டு வரவேணும்" என்று அவர் சொல்லச் சொல்ல அப்பாவின் தோள் நடுங்கியது. நான் பாய்ந்து பிடித்தேன். இரண்டாம் தரமும் பிடித்தேன். "தங்கச்சி, குசினிக்குப் போங்கோ" என்றார் அண்ணை. ஏன் என்று கேட்டேன். "உங்கடை முகத்தைப் பாக்க எனக்கே விழுந்திடுவனோ எண்டு பயமாக் கிடக்கு." போனேன். குசினியில் இருந்துகொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும்பினேன். "எல்லாரும் விலகுங்கோ, சாமி எழுந்தருளப் போறார்!" என்று அண்ணையின் குரல் கேட்கும். "வேதக்காரன் உனக்கு எங்கடை சாமியோடை என்னடா பகிடி?" என்று அப்பாவின் குரல். பிறகு ஒரு விழுகிற சத்தம். பிறகு இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம். விழப் பழக்கினார், தம்பி. பாயைப் போட்டு வேண்டுமென்றே விழச் சொல்லி, நிலத்திலிருந்து முக்காலிக்கும், முக்காலியிலிருந்து கட்டிலுக்கும் எப்படி ஏறுவது என்று பழக்கினார். அந்த நாள்களில் நான் கிணற்றடியில் போய்க் குந்தியிருந்தேன். அப்பாவின் சிரிப்பை எத்தனை வருடமாகக் கேட்கவில்லை என்று அங்கே இருந்துதான் யோசித்தேன்.

இந்த ஒரு மாதமாக அப்பாவால் கட்டிலிலிருந்து கதிரைக்குத் தானே மாற முடிகிறது. நீ காலையில் தூக்கும்போது அவர் உன் தோளில் பாரத்தைப் போட்டு நடிக்கிறார். நீ ஒழுங்கை திரும்பியதும் மறுபடி கட்டிலுக்குப் போய், மறுபடி தானே இறங்கி வருகிறார். உனக்கு ஏன் சொல்லக்கூடாது என்று சண்டை பிடித்தேன். "அவன் கண்டால் கையை நீட்டுவான். அவன் நீட்டினால் நான் பிடிச்சிடுவன்" என்றார்.

இதை வாசித்துவிட்டு இனிப் பிரச்சினை இல்லை என்று நினைக்காதே. உனக்கு இன்னொரு தென்னைமரக் கதை சொல்ல நான் விரும்பவில்லை. எனக்குப் பயம் போகவில்லை. அதிக நேரம் இருந்தால் அவருடைய தோல் புண்ணாகும், அவருக்கு அது நோகாது. சலம் போகாமல் அடைத்துக் காய்ச்சல் வந்தால் ஒரே நாளில் கைமீறிப் போகும். மாரியில் முற்றம் சேறாகும், சில்லுப் புதையும். நூலகத்தில் போன் அடித்தால் நான்தான் முதலில் ஓடுகிறேன். போன கிழமை மத்தியானம் வந்து பார்த்தேன், அவர் நிலத்தில் கிடந்தார். அதே இடம், அதே மனிதர். நான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் உள்ளங்கையைக் காட்டி, "நில்லும். கிட்ட வராதையும்" என்றார். நின்றேன். அவர் முக்காலியை இழுத்தார். அது வழுக்கியது. மறுபடி இழுத்தார். முழங்கை உரசி இரத்தம் சீமெந்தில் கோடாக இழுபட்டது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு, வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு நின்றேன். ஒரு கட்டத்தில் அவர் களைத்துக் கன்னத்தை நிலத்தில் வைத்துக் கண்ணை மூடினார். அப்போது ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். கண்ணைத் திறக்காமலே, "வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்" என்றார். கடைசியில் கட்டிலுக்கு ஏறினார். சாரம், சேட் எல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. "ஒரு தேத்தண்ணி போடுமன்" என்றார். நான் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். அந்தக் கதவடியில் நின்றதுதான் நான் என் வாழ்க்கையில் செய்த மிகக் கடினமான பணிவிடை. தூக்குவது அதைவிட எத்தனையோ லேசு.

நீ போகிற இடத்தில் உன்னைப்பற்றிக் கேட்பார்கள். விடுதியில் உன் அறையில் இருக்கப்போகிறவன் யார் என்று எனக்குத் தெரியாது. அவனுடைய தகப்பன் எதிர்ப்பக்கத்தில் நின்று ஒரு காலை இழந்த இராணுவக்காரராகவும் இருக்கலாம். அந்த வீட்டிலும் ஒரு கதிரை இருக்கும், ஒரு பெண் பயந்துகொண்டு இருப்பாள். அப்பாவுக்கு என்ன நடந்தது என்று அவன் கேட்டால் என்ன சொல்வது என்று நான் உனக்குச் சொல்லித்தரமாட்டேன். சொல்லித்தந்து ஒருமுறை கெடுத்துவிட்டேன். யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நீயே பார்த்து முடிவு செய். சொல்லாமல் விட்டாலும் பரவாயில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, தென்னையில் ஏற்றிவிடுவது வேறு. நீ உண்மையைச் சொன்னால் அதனால் உனக்கு என்ன வருமோ என்று நான் இங்கே இருந்து யோசித்துக்கொண்டுதான் இருப்பேன். அந்த யோசனையை என்னிடமே விட்டுவிடு. இன்னொன்று. வாழ்க்கையில் யாருக்கும் கை கொடுக்கமுன் ஒரு வார்த்தை கேள். வேண்டாம் என்றால் தள்ளி நில், ஆனால் போய்விடாதே. இந்த வித்தியாசத்தைப் படிக்க எனக்கு இத்தனை வருடம் எடுத்தது. குருநகர் அண்ணைக்கு அது முதலே தெரிந்திருந்தது. படலையில் பொய் சொன்னவளிடம் கோபிக்காமல் திரும்பிப் போய், கூப்பிட்டவுடன் வந்தார்.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: அப்பாவை இனி ஒருவரும் தூக்கமாட்டோம். நீயும் தூக்கவேண்டாம், நானும் தூக்கமாட்டேன். காய்ச்சல் வந்தாலோ, அவரே கேட்டாலோ அது வேறு கதை. ஒரு வருடம் பிந்திப் போகிறேன் என்று நீ எழுதப்போகும் கடிதத்தை எழுதாதே. நீ நின்றால், அப்பா இரக்கப்பட்டு உன் தோளிலேயே சாய்ந்துவிடுவார். நீ நல்ல பிள்ளை என்று பெயர் எடுப்பாய். அந்தப் பெயரின் விலை எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை அப்பா ஸ்டேசனுக்கு வருகிறார். அதை அவர் முடிவு செய்துவிட்டார். ஓட்டோவில் வருவோம். ஓட்டோவின் இருக்கை கதிரையைவிட உயரம். கதிரையிலிருந்து ஏறுவதும் கஷ்டம், அதிலிருந்து பலகையில் சறுக்கி இறங்குவது இன்னும் கஷ்டம். மூன்று தரம் பழகிப் பார்த்தார், ஒரு தரம்தான் சரிவந்தது. கை கொடுக்கவேண்டாம் என்று ஓட்டோக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்; அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஸ்டேசனிலும் சனம் பார்க்கும். "வளந்த பெடியன் பாத்துக்கொண்டு நிக்கிறான் பாரன்" என்று யாராவது உன் காது கேட்கச் சொல்லுவார்கள். கேட்டுக்கொண்டு நில். உன் பைகளை நீ தூக்கு. நான் அப்பாவுக்குக் கிட்ட நிற்பேன், என் கைகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு.

ரயில் கொடிகாமத்தில் அதிக நேரம் நிற்காது. அது வரும்போது அப்பா இன்னும் ஓட்டோவுக்கும் கதிரைக்கும் நடுவில் பலகையில் இருந்தால், நீ ஏறு. திரும்பி ஓடி வராதே. யன்னலால் கையைக் காட்டு. அவரால் உடனே கையைக் காட்ட முடியாது, இரண்டு கையும் பலகையில் ஊன்றியிருக்கும். அதை நீ பிழையாக எடுக்காதே. அவர் இறங்கிவிடுவார். எவ்வளவு நேரம் எடுக்கும் என்றுதான் எனக்குத் தெரியாது.

அம்மா